நாற்பத்தேழாவது கம்பத்தின் இரண்டாவது ஆண்

என் அக்காள் புருஷன் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் மூன்று முறைதான் பார்த்திருக்கிறேன். ஒன்று அவருடைய கல்யாணத்தன்று. மற்ற இரண்டும் காய்ச்சலில். மற்ற நாளெல்லாம் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறை, வாசல், ஜன்னல், மறுபடி சமையலறை என்று நடந்துகொண்டேதான் சாப்பிடுவார். கீழ்வீட்டுக்காரர் ஒருமுறை படியேறி வந்து, உங்கள் வீட்டில் ஏதாவது இயந்திரம் ஓடுகிறதா என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் ஓடுகிறார் என்று அக்காள் பதில் சொல்லி அனுப்பினாள்.

அவர் பார்த்த வேலைகளைச் சொல்லி மாளாது. பஸ் கண்டக்டராக இருந்தபோது, டிக்கெட் கொடுத்து முடித்த பிறகும் முன்வாசலுக்கும் பின்வாசலுக்குமாக நடந்து பயணிகளுக்குத் தலைசுற்ற வைத்தார். ஒரு பெரிய கட்டடத்தில் லிப்ட் இயக்கும் வேலை பதினோரு நாள் தாங்கியது. லிப்ட்தானே மேலும் கீழும் போகிறது, நான் போகவில்லையே என்று விட்டுவிட்டு வந்தார். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை மட்டும் கொஞ்ச காலம் ஒத்துப்போனது. அதிலும் கையெழுத்து வாங்க வாசலில் நிற்கிற இரண்டு நிமிடம் அவருக்கு நரகம்.

கடைசியில் மின்சாரத் துறையின் ஒப்பந்தக் கூலியாகப் போனார். ஊருக்கு வெளியே மைல் கணக்கில் காய்ந்த புல்வெளி. அங்கொன்றும் இங்கொன்றுமாக முள்மரம். அதன் குறுக்கே கம்பங்கள் போகின்றன. அந்தப் பக்கத்தில் ஒரு குருவி உண்டு. தூக்கணாங்குருவிக்குச் சொந்தம்தான், ஆனால் தனிக்குடித்தனம் அதற்குப் பிடிக்காது. ஐம்பது நூறு ஜோடிகள் சேர்ந்து ஒரே கூரை போட்டு, அடியில் ஆளுக்கு ஓர் அறை துளைத்துக்கொள்ளும். மரம் கிடைக்காத இடத்தில் மின்கம்பமே போதும். பார்த்தால் யாரோ ஒரு வைக்கோல் போரைத் தூக்கிக் கம்பத்தில் மாட்டியதுபோல் இருக்கும். மழை பெய்தால் மின்சாரம் போகும், வெயில் அடித்தால் தீப்பிடிக்கும். அதற்கு முந்தைய வருடம் ஒரு கூடு எரிந்து விழுந்து, புல்லில் தீ பரவி, இரண்டு குடியிருப்புகளை ஒட்டி வந்து நின்றது. ஆகவே கோடைக்கு முன்னால் கூடுகளைத் தள்ளிவிட ஆள் போடுவார்கள். அத்தானுக்கு அந்த வேலை. கையில் நீளமான தொரட்டி, நாளுக்குப் பத்து மைல் நடை. இப்படி ஒரு வேலை இருப்பது தெரியாமல் பதினைந்து வருடத்தை வீணடித்துவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

அந்த வேலையையும் அவரே கெடுத்துக்கொண்டார். ஒருநாள் ஒரு கூட்டில் தொரட்டியைப் போடப் போனபோது, அடியில் ஓர் அறையின் வாய் மட்டும் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. எச்சம். அதிலிருந்து ஒரு பறவை வெளியே வந்து மின்கம்பியில் உட்கார்ந்தது. மைனாவைவிடச் சின்னது. வளைந்த அலகு, வெள்ளை வயிறு, சிவந்த கால். அத்தானைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டியது, வாலை அடித்தது, இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு நிமிடம் சும்மா இருக்கவில்லை. அத்தான் தொரட்டியைக் கீழே வைத்துவிட்டு, இந்தக் கூட்டை நான் தொடமாட்டேன் என்று மேஸ்திரியிடம் சொன்னார். மேஸ்திரி அவரை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அது குட்டி வல்லூறு. பருந்து, கழுகு வகையறாவில் இதைவிடச் சிறியவை மிகக் கொஞ்சம். அறுபது கிராம்தான் எடை, ஆனால் மிடுக்கில் குறைவில்லை. முதுகைப் பார்த்தால் ஆண் பெண் தெரிந்துவிடும்: ஆணுக்குச் சாம்பல், பெண்ணுக்குச் செம்பழுப்பு. முன்பக்கம் இரண்டும் ஒரே வெள்ளை. ஒரு துரும்பைக்கூட எடுத்து வைத்துத் தனக்கென்று கூடு கட்டாது. குருவிகளின் கூட்டில் ஓர் அறையைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுவதும் அங்கேயே தங்கும். குளிர்காலத்தில் ஒரே அறையில் நாலைந்து நெருக்கியடித்துத் தூங்கும். பல்லி, அரணை, வெட்டுக்கிளி, வண்டு தின்னும். எப்போதாவது வீட்டுக்காரக் குருவியின் குஞ்சையும் தின்னும். அப்படியும் குருவிகள் அதைத் துரத்துவதில்லை. ஒரு கத்து கத்திவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இதையெல்லாம் நான் மேடத்திடம் கற்றுக்கொண்டேன். மேடம் பறவை ஆராய்ச்சிக்காரர். ஊர் ஓரத்தில் இரண்டு அறை வீடு ஒன்றை எடுத்து அலுவலகம் வைத்திருந்தார். குட்டி வல்லூறு இருக்கிற கூட்டைத் தொட மறுத்து ஒருவன் வேலையை இழந்தான் என்று கேள்விப்பட்டு அத்தானைத் தேடி வந்தார். வேலை இதுதான்: காலையில் நாலு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம், துணி மறைப்புக்குள் முக்காலியில் உட்கார்ந்து, எந்தப் பறவை எப்போது எதைக் கொண்டு வருகிறது என்று நோட்டில் எழுத வேண்டும்.

வீட்டில் சிரித்த சிரிப்பு ஒரு வாரம் ஓயவில்லை. ஆனால் மனுஷன் உட்கார்ந்தார். முதல் மாதம் தொடை நடுங்கி நடுங்கி முக்காலியின் கால்கள் மண்ணில் ஒரு சாண் இறங்கிப்போயின. அப்படியும் மூன்று வருடம் உட்கார்ந்தார். அந்த நோட்டுகளைக் கணினியில் ஏற்ற ஆள் வேண்டுமென்று மேடம் கேட்டபோது, என் கொழுந்தியாள் இருக்கிறாள், வாய் கொஞ்சம் நீளம், விரல் சுத்தம் என்று சொல்லி எனக்கும் அங்கே வேலை வாங்கித் தந்தார். இதை நான் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் அவர் வேலைக்கு உலை வைத்தவளும் நான்தான்.

பிடிக்கிற ஒவ்வொரு பறவைக்கும் மேடம் இரண்டு காலிலும் ஒவ்வொரு வண்ண வளையம் போடுவார். முதலில் இடது கால், பிறகு வலது கால் என்று எழுதுவது வழக்கம். நாற்பத்தேழாவது கம்பத்துப் பெண்ணுக்கு இரண்டு காலும் பச்சை. அதன் ஆணுக்கு நீலம்–மஞ்சள். ஐம்பத்திரண்டாவது கம்பத்தில் முந்தின வருடம் பிறந்து காணாமல்போன ஓர் இளம் ஆணுக்கு மஞ்சள்–நீலம். ஆறே நிறத்தை வைத்துக்கொண்டு அத்தனை பறவைக்கும் மாற்றி மாற்றிப் போட்டால் இப்படித்தான் ஆகும். அது மேடத்தின் பாடு.

மூன்றாம் வருடம் நாற்பத்தேழில் முட்டை வைக்கிற நேரத்தில், காணாமல்போன அந்த மஞ்சள்–நீலம் அரணையோடு வந்து நிற்பதாக அத்தான் எழுதினார். மறுநாளும் வந்தது. வாரக்கணக்கில் வந்தது. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண்கள் இரை கொண்டுவருவது இந்தப் பறவையில் உண்டு, ஆனால் அபூர்வம். மேடம் துள்ளிக் குதிக்காத குறை. அந்தக் கோடையில் துறை அந்த வரிசையில் பதின்மூன்று கூடுகளையும் தள்ள நாள் குறித்திருந்தது. இந்தக் குடும்பத்தைக் கடைசிவரை கவனித்தாக வேண்டும் என்று மேடம் எழுதிப் போராடி, நாற்பத்தேழுக்கு மட்டும் விலக்கு வாங்கினார். மற்ற பன்னிரண்டும் போயின. நாற்பத்தேழில் முட்டைகள் பொரிந்தன, மூன்று குஞ்சு.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆகியிருந்த ஒரு திங்கட்கிழமை. வியாழனன்று ஒரு கூட்டத்தில் மேடம் இந்த இரண்டு ஆண்களைப் பற்றிப் பேச வேண்டும், அதற்கு எண்கள் கேட்டிருந்தார். நான் ஒன்பது வாரப் பதிவுகளையும் நேரவாரியாக அடுக்கிப் பார்த்தேன். நீலம்–மஞ்சள் வந்தது எல்லாம் காலையில். மஞ்சள்–நீலம் வந்தது எல்லாம் மாலையில். ஒன்றுகூட மாறவில்லை. இரண்டும் சேர்ந்து இருந்ததாக ஒரு வரிகூட இல்லை. காலை ஷிப்டுக்கு ஒரு புருஷன், மாலை ஷிப்டுக்கு ஒரு புருஷனா என்று முதலில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் அக்காள் வீட்டுக்குப் போனேன். அத்தான் வழக்கம்போல் தட்டோடு நடந்துகொண்டிருந்தார். மறைப்பை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவருக்கு உடனே முகம் மாறியது. மறைப்பை ஒரு பருவம் முடியும்வரை நகர்த்தக் கூடாது என்பது மேடத்தின் முதல் சட்டம். இரண்டு வருடம் அவர் அதைக் கிழக்குப் பக்கமே வைத்திருந்தார். மாலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், பொறுத்துக்கொண்டார். இந்த வருடம் ஒரே பக்கத்தைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்ததாம். யாருக்கும் சொல்லாமல், நோட்டிலும் எழுதாமல், மாலைக்கு மட்டும் மறைப்பைக் கம்பத்தின் மேற்குப் பக்கம் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார்.

வல்லூறு கூட்டுக்குள் போகுமுன் குறுக்குக் கட்டையில் உட்காரும். எப்போதும் மேற்கே திறந்த புல்வெளியைப் பார்த்துத்தான் உட்காரும். கிழக்கே இருந்தவரை அத்தான் பார்த்தது அதன் முதுகை. அவருக்கு இடது என்றால் அதற்கும் இடது. மூன்று வருடப் பழக்கத்தில் அவர் அதை யோசித்து எழுதுவதே இல்லை.

நான் கடிகாரம் கட்டிய கையைத் தொங்கவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டி நின்று, கடிகாரம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். இடது என்றார். திரும்பி அவரைப் பார்த்து நின்று, இப்போது என்றேன். வலது என்று சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். தட்டு கையிலேயே இருந்தது. அக்காள் வந்து அதை வாங்கிக்கொண்டாள்.

இரண்டாவது ஆண் இல்லவே இல்லை. மாலையில் மேற்கே, அதன் எதிரே இருந்து பார்த்ததில் இடமும் வலமும் மாறிப்போயிருந்தன. காலையில் வந்ததும் மாலையில் வந்ததும் அதே நீலம்–மஞ்சள்தான்.

அதன் பிறகு அந்த வீட்டில் நடந்த நடையைச் சொல்லி முடியாது. நடைக்கதவு, ஜன்னல், படி, மொட்டைமாடி, மறுபடி படி. உண்மையைச் சொன்னால் விலக்கு போகும். விலக்கு போனால் கூடு போகும், உள்ளே பறக்கத் தெரியாத மூன்று குஞ்சு. அவை பறக்க இன்னும் பத்து நாளாவது வேண்டும். அத்தோடு அவர் வேலையும் போகும், இது யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. எனக்குக் கோபம் பொங்கியது. அவர்மேல் பாதி, என்மேல் பாதி. எதற்கு அந்த எண்களை அடுக்கித் தொலைத்தேன்?

"பத்து நாள் வாயை மூடிட்டு இருங்க அத்தான். குஞ்சு பறந்ததும் சொல்லிக்கலாம். நானும் மூடிக்கறேன்" என்றேன். மேடத்தின் வியாழக்கிழமைக் கூட்டத்தை நான் பேச்சில் சேர்க்கவே இல்லை.

அவர்தான் சேர்த்தார். "வியாழக்கிழமை அந்தம்மா நாலு பேர் முன்னாடி நின்னு என் தப்பைத் தன் பேர்ல சொல்லப் போறாங்க. அது ஒண்ணு. இன்னொண்ணு, மத்த பன்னிரண்டு கூட்டையும் அவங்க தள்ளும்போது நான் கீழே கையைக் கட்டிட்டு நின்னேன். அதுலயும் ரெண்டுல குட்டி வல்லூறு இருந்துச்சு. இது மட்டும் விசேஷம்னு சொல்லிச்சு என் நோட்டு. எப்படி வாயை மூடறது?"

அக்காள், போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள், உங்கள் நடையை இன்னும் பத்து நாள் இந்த வீடு தாங்காது என்றாள். குரலில் கிண்டல் இருந்தது, கண்ணில் இல்லை.

செவ்வாய்க் காலை அத்தான் சொன்னபோது நான் என் மேஜையில்தான் இருந்தேன். மேடம் கத்தவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்று மட்டும் கேட்டார். அத்தானுக்குத் தேதி தெரிந்திருந்தது. மேடம் பேச வேண்டிய தாள்களை எடுத்து மடித்து இழுப்பறையில் வைத்தார். பிறகு அத்தானைப் பார்த்து, "நான் விலக்கு வாங்கினது அந்த ரெண்டாவது ஆணைச் சொல்லி. அது இல்லேன்னா இப்ப எதைச் சொல்லிக் கேக்கறது?" என்றார். இருந்தாலும் கேட்டார். துறைப் பொறியாளரிடம் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினார். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினாராம். முன்பு புல்வெளியில் பரவிய அந்தத் தீ அவர் பணிக்காலத்தில் நடந்தது. பத்து நாள் முடியாது, வியாழக்கிழமை ஆள் வரும் என்று சொல்லிவிட்டார்.

அத்தான் ஒன்றே ஒன்று கேட்டார்: கூட்டைத் தானே இறக்க வேண்டும். மேஸ்திரிக்கு அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். தொடமாட்டேன் என்று போனவன் இப்போது நானே தொடுகிறேன் என்று வருகிறான். திட்டிக்கொண்டே ஏணியைக் கொடுத்தார். கம்பியில் மின்சாரத்தை நிறுத்தியதும் அத்தான் தொரட்டியை எடுத்துக்கொள்ளாமல் அரிவாளோடு ஏறினார். வைக்கோலைத் தள்ளாமல் துண்டு துண்டாக வெட்டி, வெளுத்த வாயுள்ள அந்த அறையை மட்டும் சுற்றிலும் ஒரு முழக் கனத்தோடு பெயர்த்து, குஞ்சுகளோடு கயிற்றில் இறக்கினார். நாற்பது தப்படியில் ஒரு முள்மரம். அதன் கவட்டையில் வைத்துக் கட்டினார்கள். மேஸ்திரிதான் கயிறு பிடித்தார். குருவிகள் எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சல் காதைப் பிளந்தது. அவற்றுக்கு யாரும் எதையும் பெயர்த்து வைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வல்லூறு மரத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் குஞ்சுகள் இரண்டு நாள்கூடத் தாங்காது. ஆட்கள் போன பிறகு அத்தான் கிழக்குப் பக்கம் பழைய இடத்தில் மறைப்பைப் போட்டுக்கொண்டார். அன்றைய பக்கத்தை நான்தான் கணினியில் ஏற்றினேன். எட்டு ஐம்பதில் ஆரம்பிக்கிறது. "பெண் கம்பத்தில்." ஒன்பது மணி, "பெண் கம்பத்தில்." பத்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒன்பது நாற்பதில், "பெண் கூடு இருந்த இடத்துக்கு எழும்பியது. ஒன்றுமில்லாததால் திரும்பியது." பதினொன்று இருபதில் மறுபடி அதே. மரத்தில் குஞ்சுகள் கத்துவதாக ஆறு வரி. பன்னிரண்டு ஐம்பதில் ஆண் வந்திருக்கிறது, அரணையோடு. பெண் அதை வாங்கி அலகில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. "தின்னவில்லை. போகவுமில்லை." இதே வரி நான்கு முறை. அந்த இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது. ஒன்று முப்பத்தைந்துக்கு, "பெண் மரத்தில்." அடுத்த வரி, "ஒரு குஞ்சின் வாயில் அரணை வால்." நான் அழுதேன். அலுவலகத்தில் மேடம் இருந்தார், பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு குஞ்சுகள் பறந்தன. மூன்றாவது, எல்லாவற்றிலும் சிறியது, ஐந்தாம் நாளே அறைக்குள் இறந்து கிடந்தது. அதையும் தேதியும் மணியும் போட்டு எழுதியிருந்தார். அந்த வரிசையில் வேறு கூடு எதுவும் மிச்சமில்லாததால் அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று மாதக் கடைசியோடு மேடம் அத்தானை நிறுத்திக்கொண்டார். நல்ல வார்த்தை சொல்லித்தான் அனுப்பினார். ஆனாலும் அனுப்பினார்.

கடைசி நாள் அத்தான் அந்தப் பருவத்து நோட்டுகளை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். மூன்று நாள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். விரித்தேன். மாலைப் பதிவுகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள்–நீலத்தை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே நீலம்–மஞ்சள் என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். இருநூற்றுப் பதினாறு இடங்கள். எனக்கு எரிச்சல் வந்தது. முதல் பக்கத்தில் ஒரே ஒரு குறிப்பு எழுதினால் போதுமே, கணினியில் ஒரு நிமிடத்தில் மொத்தமாக மாற்றியிருப்பேனே என்றேன்.

அவர் வாசலுக்கும் மேஜைக்குமாக இரண்டு நடை நடந்துவிட்டு வந்து நின்றார். "ரெண்டு பேர் கொண்டுவந்ததா எழுதினேன்ல. அத்தனையும் அவன் ஒருத்தன் கொண்டுவந்தது. பாதியை எடுத்து இல்லாத ஒருத்தன் பேர்ல போட்டுட்டேன். ஒவ்வொண்ணா அவன் பேருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?"

அவர் போன பிறகு நான் முதல் மாலையைத் திறந்து, மொத்தமாக மாற்றாமல், ஒவ்வொரு வரியாகத் திருத்த ஆரம்பித்தேன். முடிக்க இரண்டு நாள் ஆனது.